கடல் பார்த்த சுவர்

துறைமுகத் தெரு
ஜூன் 28

சின்னவளுக்கு அண்ணி எழுதுவது.

உன் கடிதம் வந்தது. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். உடம்புக்கு என்ன, அது பாட்டுக்கு இருக்கிறது. பசிக்கிறது, சாப்பிடுகிறேன். வீடுதான் திடீரென்று பெரிதாகிவிட்டது. நீ எப்படி இருக்கிறாய்? வயிற்றுப் பிள்ளை நன்றாக உதைக்கிறதா? இவர் சாவுக்கு வரவில்லையே என்று மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. ஏழு மாச வயிற்றோடு அந்த மலைப் பாதையில் பஸ் ஏறி வந்திருந்தால் நானே உன்னைத் திட்டித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். தம்பிக்கு இதை இப்போது எழுதாதே. உன் புருஷன்தான், மறைப்பது கஷ்டம்தான். ஆனாலும் எழுதாதே. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் கடல் பக்கத்துச் சுவருக்கு ஜன்னல் கிடையாது, பார்த்திருக்கிறாய். அது கப்பல்காரர்களுக்காக அப்படிக் கட்டிய சுவர். பின்னால் குன்றின் மேல் விளக்குக் கோபுரம், அதற்குக் கீழே நம் வெள்ளைச் சுவர். கடலிலிருந்து வருகிறவன் இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துக்கொண்டு நேரே வந்தால் ஆழமான வழி. கொஞ்சம் விலகினால் மணல் திட்டு. என் மாமனார் காலத்துக்கு முன்னாலிருந்தே எல்லாப் பாய்க்கப்பலும் இப்படித்தான் வருகிறது. அதனால்தான் வருஷா வருஷம் கப்பல்கள் திரும்புவதற்கு முன்னால் இவர் ஏணி போட்டு வெள்ளையடிப்பார். துறைமுக ஆபீசிலிருந்து சுண்ணாம்பு மூட்டை வரும்.

போன மழையில் ஆற்று வெள்ளம் மணலைத் தள்ளிக்கொண்டு வந்து, வழி இடம் மாறிவிட்டது. மீன்பிடிப் படகுக்காரர்கள் எல்லோரும் சுவரை விட்டுவிட்டு ஐஸ் பாக்டரிப் புகைபோக்கியைப் பார்த்து வர ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டு நண்டு படித்துப் படித்துச் சொன்னான். பெயர்தான் நண்டு, கோணல் நடையால் வந்த பெயர், ஆனால் பேச்சு நேர்ப் பேச்சு.

"அண்ணே, சுவத்தப் பாத்து வராதீங்க. அங்க மண்ணு ஏறிக் கெடக்கு."

"நானே வெள்ளையடிச்ச சுவருடா. அது என்னையே ஏமாத்துமா?" என்றார் இவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அன்று சாயங்காலம் காற்று கூடிவிட்டது. சுவருக்கு நேராக வந்திருக்கிறார். படகு தட்டிச் சாய்ந்துவிட்டது. நான் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் இருந்தேன், அடுப்படியில். ஜன்னல் இல்லையே, ஒன்றும் தெரியவில்லை. தெருவில் ஆட்கள் ஓடுகிற சத்தம் கேட்டுத்தான் வெளியே வந்தேன்.

தம்பி இதைக் கேட்டால் கப்பலில் ஏற்றின சரக்கைப் பாதியில் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவான். அவனை நான் வளர்த்தவள், எனக்குத் தெரியும். இப்போது எதிர்க் காற்று. அதை மீறி வந்தாலும் எதைப் பார்த்து உள்ளே வருவான்? இதே சுவரைப் பார்த்துத்தான். புது வழிக்குக் கம்பம் நடப் போவதாக ஆபீசில் சொல்கிறார்கள். கம்பம் வரட்டும், காற்று திரும்பட்டும். அப்புறம் நானே சொல்கிறேன்.

தனியாக மாடிப்படி ஏறாதே. வேறென்ன.

அண்ணி


கப்பலிலிருந்து, மரம் ஏற்றும் துறை
ஜூலை 9

அக்காவுக்கும் மச்சானுக்கும் உங்கள் தம்பி வணக்கத்தோடு எழுதுவது.

இங்கே நான் திடமாக இருக்கிறேன். கொசு மட்டும் குருவி அளவு. அக்காவின் முழங்கால் வலி எப்படி? மச்சானின் மூக்கு மேல் கோபம் எப்படி? இரண்டும் குறைந்திருக்காது, தெரியும்.

ஒரு செய்தி. பழைய தண்டலுக்குக் கண் மங்கிவிட்டதால் முதலாளி என்னையே தண்டல் ஆக்கிவிட்டார். சுக்கானும் என் பொறுப்பு, ஆட்களும் என் பொறுப்பு. என்னை விட வயதானவர்கள் எல்லாம் "தண்டல், தண்டல்" என்று கூப்பிடும்போது யாரோ பின்னால் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறேன். சமையல்காரர் மட்டும் இன்னும் "டேய்" என்றுதான் கூப்பிடுகிறார். சோறு அவர் கையில் இருக்கிறது, ஒன்றும் சொல்ல முடியாது.

மச்சானுக்கு: போன வருஷம் உங்கள் சுவர் துவைக்காத போர்வை மாதிரி இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் மேகமா சுவரா என்று தெரியவில்லை. இந்த ஊர்க் கடையில் நீளக் கைப்பிடி வைத்த பிரஷ் ஒன்று பார்த்தேன், வாங்கிவிட்டேன். ஏணியே வேண்டாம், தரையில் நின்றபடி கூரை விளிம்பு வரை அடிக்கலாம். முதல் தடவையாக என் கையால் கப்பலை உள்ளே கொண்டுவரப் போகிறேன். நீங்கள் கரையோரக் கல்மேடையில் நின்று பார்க்க வேண்டும். எங்கே கோணினேன், எங்கே நிமிர்ந்தேன் என்று அன்றைக்கே திட்ட வேண்டும்.

மச்சானை இரண்டு வரி எழுதச் சொல், அக்கா. அவர் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தாலும் படித்துக்கொள்கிறேன்.

அன்புத் தம்பி


துறைமுகத் தெரு
ஜூலை 24

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நீ நன்றாக இருப்பது சந்தோஷம். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. தண்டல் ஆனதைப் படித்து அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான். கொசுவலை வாங்கிக்கொள், ஆட்களுக்கும் வாங்கிக் கொடு. நீ பெரியவன் ஆகிவிட்டாய், இனி உன் வயிறு நிறைந்ததா என்பதோடு அவர்கள் வயிறும் சேர்ந்ததுதான் உன் கணக்கு.

இப்போது நான் எழுதுவதை விளையாட்டாக எடுக்காதே. வெள்ளத்தில் மணல் நகர்ந்து முகத்துவாரம் மாறிவிட்டது. சுவரும் கோபுரமும் சேர்ந்து காட்டுகிற இடத்தில் இப்போது திட்டு இருக்கிறது. சுவரைப் பார்த்து வராதே. வெளியே தூரத்திலேயே நங்கூரம் போட்டு நில். நண்டு படகில் வந்து முன்னால் வழி காட்டுவான். அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் மச்சான் எழுதவில்லை. நீ பிரஷ் வாங்கியதைப் படித்தேன். நல்ல பிரஷாகத்தான் இருக்கும்.

சின்னவளுக்கு அடிக்கடி எழுது. இந்த நேரத்தில் பெண் மனசு எதையாவது நினைத்துக்கொண்டே இருக்கும்.

அக்கா


கப்பலிலிருந்து, மரம் ஏற்றும் துறை
ஆகஸ்ட் 15

அன்பு அக்காவுக்கு.

எல்லோரும் சுகம். கொசுவலை வாங்கியாயிற்று. சமையல்காரர் அதில் மீன் பிடிக்கிறார்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கோபப்படாதே, எனக்குச் சிரிப்புதான் வந்தது. குளத்தில் காலை வைக்கவே "ஐயோ"வென்று கத்துகிறவள் நீ, எனக்குக் கடல் வழி சொல்கிறாய். மணல் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் நகரும். அடுத்த நீரோட்டம் அதை அடித்துக்கொண்டு போய்விடும். வழி உண்மையிலேயே மாறியிருந்தால் மச்சான் அந்தச் சுவரை விட்டு வைப்பாரா? என் முகவரிக்குத் தந்தி மேல் தந்தி அடித்திருப்பாரே. கடல் விஷயத்தில் எனக்கு அவர் சொன்னதுதான். அவரை ஒரே ஒரு வரி எழுதச் சொல்: "சுவரைப் பார்க்காதே." அவர் கையால் எழுதட்டும், கேட்டுக்கொள்கிறேன். வெளியே நங்கூரம் போட்டுவிட்டு, நண்டு வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போகட்டும் என்று நின்றால் என் ஆட்கள் என்னை என்ன நினைப்பார்கள்? தண்டலா, தொட்டில் பிள்ளையா?

ஒன்று கேட்கிறேன். உங்களுக்குள் சண்டையா? அவர் ஏன் எழுதவில்லை? நான் தண்டல் ஆனதற்கு ஒரு வார்த்தைகூட இல்லையே. மனசில் ஏதாவது இருந்தால் நேரே திட்டிவிடச் சொல், தாங்கிக்கொள்வேன்.

எந்தத் துறையிலிருந்து திரும்பினாலும் என் கண் முதலில் தேடுவது உங்கள் சுவரைத்தான். அது தெரிந்துவிட்டால் வீட்டுக்குள் கால் வைத்த மாதிரி. அதைப் போய்ப் பார்க்காதே என்கிறாய்.

தம்பி


துறைமுகத் தெரு
ஆகஸ்ட் 30

சின்னவளே, அண்ணி எழுதுகிறேன்.

பெண் குழந்தை பிறந்தது, நீயும் பிள்ளையும் நலம் என்று தந்தி வந்தது. கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. கடைசியில் நண்டு பெண்சாதியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு ஒரு மூச்சு அழுதுவிட்டு, "பொண்ணு யாரு மாதிரி?" என்றாள். தந்தியில் அதெல்லாம் வராது என்றேன்.

தம்பி கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன், படி. அவர் கையால் எழுதச் சொல்கிறான். எங்கே போய் வாங்குவேன் அந்தக் கையை?

துறைமுக ஆபீசுக்குப் போனேன். கதவருகே பெஞ்சில் ரொம்ப நேரம் உட்கார வைத்தார்கள். அதிகாரி நல்லவர்தான், எழுந்து நின்று பேசினார். வழி மாறியது அவருக்கும் தெரியும். ஆழம் பார்க்க ஆள் அனுப்பியிருக்கிறார். ஆனால் கடல் வரைபடத்தில் மாற்றி, மேலே அனுப்பி, எல்லாத் துறைமுகத்துக்கும் தெரிவித்த பிறகுதான் பழைய குறியை, அதுதான் நம் வெள்ளைச் சுவரை, நீக்கலாமாம்.

"திடீர்னு குறிய எடுத்துட்டா, தெரியாம வர்ற கப்பல் தடுமாறிப் போயிடும்மா. அதுவும் ஆபத்துதானே?" என்றார்.

அவர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வந்து பார்த்தால் வாசலில் சுண்ணாம்பு மூட்டைகள் இறங்கிக் கிடக்கின்றன! ஒவ்வொரு வருஷமும் போல வண்டிக்காரன் கொண்டுவந்து போட்டிருக்கிறான். "வழக்கமா வர்றதுதானேம்மா, யாரும் நிறுத்தச் சொல்லலையே" என்கிறான். மூட்டையைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போய் வருகிறேன்.

நான் என்ன செய்ய, சொல். உண்மையை எழுதினால் சுவரை நம்ப மாட்டான், ஆனால் தலை தெறிக்க ஓடி வருவான். எழுதாவிட்டால் நிதானமாக, சிரித்துக்கொண்டு, சுவரைப் பார்த்து வருவான்.

பிள்ளையின் தலையைத் துணியால் மூடி வை, மலைக் காற்று ஆகாது.

அண்ணி


அம்மா வீடு
செப்டம்பர் 5

அண்ணிக்கு.

நானும் குழந்தையும் நன்றாக இருக்கிறோம். உங்கள் மருமகள் உங்களை மாதிரிதான் என்கிறார் அம்மா. நெற்றி உங்களுடையது, அழுகை உங்கள் தம்பியுடையது. குரல் ஊர் முழுக்கக் கேட்கிறது. உங்கள் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள்ளுங்கள், அலமாரியில் வைத்து அழகு பார்க்க வேண்டாம்.

நான் சொல்வதில் வருத்தப்படக் கூடாது. உடனே எழுதுங்கள் அவருக்கு. எல்லாவற்றையும் எழுதுங்கள். இத்தனை நாள் நீங்கள் சொன்னதற்காக நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போன கடிதத்தில் "மச்சான் எப்படி இருக்கிறார்" என்று என்னிடமும் கேட்டிருந்தார். நான் மழையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். மழையைப் பற்றி நான் எப்போதாவது ஒரு பக்கம் எழுதியிருக்கிறேனா? அவருக்கு இந்நேரம் சந்தேகம் தட்டியிருக்கும்.

நீங்கள் அவரை இன்னும் இடுப்பில் தூக்கி வைத்திருக்கிற பிள்ளையாகவே பார்க்கிறீர்கள். நான் கட்டிக்கொண்டது ஒரு பெரிய மனுஷனை. ஓடி வந்தால் வரட்டும். தெரிந்துகொண்டு ஓடி வருகிறவன் கண்ணைத் திறந்து வைத்திருப்பான். தெரியாமல் நிதானமாக வருகிறவனை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அண்ணனும் நிதானமாகத்தானே வந்தார்?

இப்படி எழுதியதற்கு மன்னித்துவிடுங்கள். ஆனால் அடித்துவிட்டு வேறு எழுத மாட்டேன்.

பிள்ளை பிறந்ததை மட்டும் அவருக்குச் சொல்லிவிடாதீர்கள். அந்த முகத்தை நான் நேரில் பார்க்க வேண்டும்.

சின்னவள்


துறைமுகத் தெரு
செப்டம்பர் 9

தம்பி,

உட்கார்ந்து படி. பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொண்டு படி. இதைத் தந்தியில் இரண்டு வார்த்தையாகச் சொல்ல மனசு வரவில்லை.

உன் மச்சான் இல்லை. ஜூன் மாசம் போய்விட்டார். நம் சுவரைப் பார்த்து வந்தார், திட்டில் தட்டி, படகு கவிழ்ந்து போனார். உடம்பு கிடைத்தது. நண்டும் மற்றவர்களும் தூக்கி வந்தார்கள். முகம் நன்றாக இருந்தது, தூங்குகிற மாதிரி. உன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார் அன்று காலையில்கூட. "மாப்பிள்ள இந்த வருஷம் சீக்கிரம் வந்துடுவான், சுண்ணாம்பு வந்ததும் அடிச்சிடணும்" என்றார்.

உனக்கு எழுதவில்லை. எழுதினால் எதிர்க் காற்றில் கிளம்பி வருவாய் என்ற பயம். சரியோ தப்போ, செய்துவிட்டேன். திட்டுவதை வந்து திட்டு.

அவர் கையால் ஒரு வரி கேட்டாய். அவர் எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. உயிரோடு இருந்தவரை அந்தச் சுவரைத்தான் நம்பினார். நான் சொல்கிறேன், நீ கேள். சுவரைப் பார்த்து வராதே. வெளியே நில். உன் ஆட்கள் தொட்டில் பிள்ளை என்று சொன்னால் சொல்லட்டும்.

இந்தக் கடிதம் கிடைத்தது என்று ஒரு வரி போடு. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அக்கா


சரக்குக் கிடங்கு அலுவலகம், மரம் ஏற்றும் துறை
செப்டம்பர் 21

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

தாங்கள் தண்டல் அவர்கள் பெயருக்கு அனுப்பிய கடிதம் இன்று எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. இவ்வாண்டு காற்று வழக்கத்துக்கு முன்னரே திரும்பிவிட்டதால் அவர் கப்பல் சென்ற வாரமே புறப்பட்டுவிட்டது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். உறையைப் பிரிக்காமல் அப்படியே இத்துடன் திருப்பி அனுப்பியுள்ளேன்.

வழியில் எந்தத் துறையிலும் நிற்பதாக இல்லை, நேரே வீடுதான் என்று சொல்லிவிட்டுச் சென்றார். நல்ல திடகாத்திரத்துடனும் மகிழ்ச்சியுடனும் காணப்பட்டார். ஆளை விட உயரமான பிரஷ் ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு படகில் ஏறியதைக் கண்டு நாங்கள் அனைவரும் சிரித்தோம். எனவே தாங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

இங்ஙனம்,
கிடங்குக் கணக்கர்


துறைமுகத் தெரு
அக்டோபர் 2

சின்னவளே,

நலம் விசாரிக்க மனசு நிற்கவில்லை. நீயும் பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் எழுதிய கடிதம் பிரிக்காமலே திரும்பி வந்துவிட்டது. கப்பல் கிளம்பிவிட்டது. கணக்கர் எழுதியதை வைத்திருக்கிறேன், பார். "கவலைப்பட வேண்டியதில்லை" என்று எழுதியிருக்கிறார். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

அதைப் படித்ததும் ஆபீசுக்கு ஓடினேன். அதிகாரி வெளியூர் போயிருக்கிறார், கம்பம் இன்னும் வரவில்லை என்றார்கள். திரும்பி வந்து கடல் பக்கமாகப் போய் நின்று சுவரை அண்ணாந்து பார்த்தேன். போன வருஷம் அடித்த வெள்ளை மங்கியும் இன்னும் தூரத்துக்குத் தெரிகிறது. "வா, வா" என்று கூப்பிடுகிற மாதிரி. எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

நண்டு வீட்டுக்குப் போய், "படகு அடியில பூசுற தார் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டேன்.

"எதுக்குக்கா?"

"சுவத்துக்கு."

அவன் வாயில் வைத்த கவளத்தை மெல்லவில்லை. அவன் பெண்சாதிதான் முதலில் எழுந்தாள். "என்ன பாத்துக்கிட்டு உக்காந்திருக்க? அக்கா ஏணி ஏறுற வயசா இது? எழுந்திரு!" என்றாள்.

"ஜெயில்ல போடுவாங்கடி."

"போடட்டும். அங்கயாவது நேரா நடக்கக் கத்துக்க."

காலையில் ஆரம்பித்தோம். உன் அண்ணனின் பழைய பிரஷ்தான். அதில் காய்ந்திருந்த சுண்ணாம்பு தாரில் கரைந்து முதல் பூச்சு சாம்பல் நிறத்தில் வந்தது. அதன் மேலேயே மறுபடி பூசினோம். மதியத்துக்குள் சுவர் முழுக்கக் கறுப்பு. தெருவில் ஆட்கள் கூடி நின்று பார்த்தார்கள். இரண்டு படகுக்காரர்கள் மட்டும் தங்கள் வீட்டிலிருந்தும் தார் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் அதிகாரி வந்துவிட்டார். மூச்சு வாங்க நின்றார்.

"என்ன காரியம்மா பண்ணிட்டீங்க! இது துறைமுகத்துக் குறி!"

"சுவர் என்னோடதுங்க ஐயா. சுண்ணாம்புதான் உங்களோடது. மூட்டை பிரிக்காம அப்படியே இருக்கு, எடுத்துக்கிட்டுப் போங்க."

"வேற கப்பல் வந்து குறி தெரியாம முட்டினா யார் பதில் சொல்றது?"

"குறி தெரிஞ்சு முட்டினவரத்தான் ஐயா நான் பாத்திருக்கேன்."

அவர் சுண்ணாம்பு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். கால்சட்டை எல்லாம் வெள்ளை. தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். "நீங்க செஞ்சது தப்பு. ஆனா இனிமே நான் காத்துக்கிட்டு இருக்க முடியாது" என்று எழுந்து போனார். அன்றைக்கே எல்லாத் துறைமுகத்துக்கும் தந்தி போயிருக்கிறது. நேற்றுக் கம்பங்களும் வந்து இறங்கிவிட்டன, நடுவதற்கு ஆள் தேடுகிறார்கள். வர வேண்டிய மற்றக் கப்பல்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததாம். நம் கப்பல் எங்கேயும் நிற்காததால் அதற்கு மட்டும் சொல்ல வழியில்லையாம்.

நான் செய்தது சரிதானா? விளக்குக் கோபுரம் ஒன்று போதும், மீதியைக் குத்துமதிப்பாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துவிடுவானோ? தண்டல் ஆன பெருமையில் இருக்கிறான். ஆட்கள் முன்னால் தயங்க மாட்டான். கொஞ்ச நஞ்சம் இருந்த அடையாளத்தையும் நானே அழித்துவிட்டேனோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. கல்மேடையில் போய் உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளையாக எது தெரிந்தாலும் எழுந்து நிற்கிறேன். பாதி நேரம் அது பறவை.

அண்ணி


கப்பலிலிருந்து
அக்டோபர் 6

அக்கா,

இதை நண்டிடம் கொடுத்து அனுப்புகிறேன். என் படகை இறக்கலாம் என்றால் ஆட்கள் விடவில்லை, என் கை நிதானத்தில் இல்லையாம்.

மதியம் கோபுரம் தெரிந்தது. அதற்குக் கீழே கறுப்பாக இருந்தது. வீடு எரிந்துவிட்டது என்றார்கள். தொலைநோக்கியில் பார்த்தேன், எரியவில்லை. யாரோ தார் பூசியிருக்கிறார்கள்.

அந்தச் சுவரில் ஒரு ஈ உட்கார்ந்தாலும் விரட்டுகிறவர் மச்சான். அவர் இருக்கிற வீட்டில் அது இப்படி இருக்காது. பாயை இறக்கச் சொல்லிவிட்டேன். "ஏன்?" என்று கேட்டார்கள். சமையல்காரர்தான் மற்றவர்களை அதட்டி நங்கூரத்தைப் போட வைத்தார்.

உன் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். மச்சான் எழுதவில்லை என்று எழுதியிருக்கிறாய். எப்படி இருக்கிறார் என்று எதிலும் எழுதவில்லை. நான்தான் படிக்கத் தெரியாமல் படித்திருக்கிறேன்.

நண்டிடம் கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்க்கவும் இல்லை. அவன் ஏதோ சொல்ல வந்தான், வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டேன். ஒன்றே ஒன்று உன் கையால் எழுதி அனுப்பு. நீ இருக்கிறாயா?

தம்பி


கல்மேடை
அக்டோபர் 6

தம்பி,

இருக்கிறேன்.

நண்டு பெண்சாதியின் முதுகில் காகிதத்தை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணியிருக்கும். மற்றதை எல்லாம் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். முதலில் எதையாவது சாப்பிடு. ஆட்களையும் சாப்பிடச் சொல். கை நிதானத்துக்கு வந்த பிறகு நங்கூரத்தை எடு, அவசரமே இல்லை. காற்று இறங்கிக்கொண்டிருக்கிறது, இன்னும் வெளிச்சம் இருக்கிறது. இருட்டிவிட்டால் நாளைக் காலையில் வா. நான் இங்கேயேதான் இருப்பேன்.

நண்டு முன்னால் போவான். அவன் படகின் பின்பக்கத்தைத் தவிர வேறு எதையும் பார்க்காதே. கோபுரத்தைப் பார்க்காதே, வீட்டைப் பார்க்காதே, என்னையும் பார்க்காதே. என்னைக் கரை ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உனக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டேன். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சின்னவள் எழுதியிருந்தாள், அதில் பாதியை மீறிவிட்டேன். மீதி தெரிய வேண்டுமானால் ஒழுங்காகக் கரை வந்து சேர்.

அந்த பிரஷை மறந்து கப்பலிலேயே விட்டுவிடாதே. புது வழிக்குக் கம்பங்கள் வந்து கிடக்கின்றன, வெள்ளையடிக்க ஆள் இல்லை. சுண்ணாம்பு நம் வீட்டு வாசலில்தான் இருக்கிறது.

அக்கா